முதன்முறை குடும்ப அமர்வு நடத்தப் போகிறவருக்கு

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கையேட்டின்படி இன்னும் மூன்று நிமிடத்தில் நீங்கள் காணொளியைப் போட வேண்டும். ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அப்பா வாய் திறக்கிறார்: "என் பையனுக்கு இதெல்லாம் தேவையே இல்லைங்க. நாலு போட்டா தானா சரியாயிடுவான். நாங்க அப்படித்தான் வளர்ந்தோம்." இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள். மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்த பத்து நொடியில் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று கையேட்டில் இருக்காது. அந்த அப்பா அடுத்த வாரம் வருவாரா, தலையாட்டிய இருவரும் இனி வாய் திறப்பார்களா, பக்கத்து அறையில் இருக்கும் அவர் மகனுக்கு இந்தத் திட்டத்தால் ஏதாவது கிடைக்குமா என்பதெல்லாம் அந்த நொடிகளில்தான் முடிவாகத் தொடங்குகிறது. வளரிளம் பிள்ளைகள் போதைப் பழக்கத்திலும் வன்முறையிலும் சிக்குவதற்கு முன்பே குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்யும் தடுப்புத் திட்டங்களில் வழிநடத்துநராக, அதாவது ஃபெசிலிடேட்டராக, புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியராகவோ செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ அக்கம்பக்கத்துத் தன்னார்வலராகவோ இருக்கலாம். இந்த வேலைக்கான திறமை பிறவியில் வருவதில்லை, பழகினால் வரும். எதைப் பழகுவது, எந்த வரிசையில் பழகுவது என்பதை என் அனுபவத்தில் எனக்குப் பட்டபடி சொல்கிறேன்.

முதல் படி: திட்டம் எதனால் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கையேட்டை ஒரே மூச்சில் படித்து முடிப்பதால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு பயிற்சியும் எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

இத்துறையில் அதிகம் பேசப்படும் திட்டங்களில் ஒன்று 'ஸ்ட்ரென்தனிங் ஃபேமிலீஸ் 10-14'. யூட்டா பல்கலைக்கழகத்தில் கரோல் கும்ஃபர் 1980களில் உருவாக்கிய 14 அமர்வுத் திட்டம்தான் இதன் மூலம். 1990களின் தொடக்கத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா மோல்கார்டும் கும்ஃபரும் சேர்ந்து அதை 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக 7 அமர்வுகளாக மாற்றி அமைத்தார்கள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் பெற்றோர் ஒரு அறையில், பிள்ளைகள் இன்னொரு அறையில். இரண்டாம் மணி நேரம் எல்லாரும் ஒன்றாக. பிறகு 4 நினைவூட்டு அமர்வுகளும் உண்டு. பொதுவாக மூன்று வழிநடத்துநர்கள் தேவைப்படுவார்கள்: பெற்றோரிடம் ஒருவர், பிள்ளைகளிடம் இருவர். குடும்ப மணி நேரத்தில் மூவரும் களத்தில் இருப்பார்கள்.

இந்த அமைப்பைக் கவனியுங்கள். பெற்றோர் தனியாகக் கற்றதையும் பிள்ளை தனியாகக் கற்றதையும் அடுத்த மணி நேரமே ஒன்றாக உட்கார்ந்து செய்து பார்க்கிறார்கள். திட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நேரம் போதவில்லை என்று குடும்ப மணி நேரத்தைச் சுருக்கினால், நீச்சல் வகுப்பில் குளத்தை மட்டும் விட்டுவிட்டதற்குச் சமம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 'பிள்ளை எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் பிரச்சினைகள் குறைவு' என்பது பழைய கண்டுபிடிப்பு. அதைக் கேட்டதும் 'அப்படியானால் நன்றாகக் கண்காணிக்க வேண்டும்' என்றுதான் பெரும்பாலோருக்குத் தோன்றும். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை வேறொன்றைக் காட்டியது. பெற்றோருக்குத் தெரிந்த விவரங்களில் பெரும்பகுதி துருவி விசாரித்ததால் கிடைத்தது இல்லை, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னதால் கிடைத்தது. இது புரிந்துவிட்டால் 'கண்காணிப்பு' அமர்வில் நீங்கள் பேசும் விதமே மாறிவிடும். போனைப் பறிப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்த பெற்றோர், 'அவள் என்னிடம் ஏன் சொல்வதில்லை, சொன்னபோது நான் எப்படி நடந்துகொண்டேன்' என்று யோசிக்கத் தொடங்குவார்கள். எந்த வழிநடத்துநரின் அறையிலும் கையேட்டு வரி ஒன்றுதான். அதன் அடியில் இருப்பதைப் புரிந்துகொண்டவருடைய அறையில் வேறு பேச்சு நடக்கும்.

இரண்டாம் படி: உங்கள் திறமையால் என்ன ஆகும், என்ன ஆகாது

'நல்ல திட்டம், நிரூபிக்கப்பட்ட திட்டம்' என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அது பாதிக் கதைதான்.

அயோவாவின் கிராமப்புறப் பள்ளிகள் 33இல் 1993இல் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்போத்தின் ஆய்வில், இந்தத் திட்டத்தின் அன்றைய வடிவத்தில் கலந்துகொண்ட பிள்ளைகள் மதுவையும் புகையையும் தொடுவது தள்ளிப்போனது. ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் அதே பெயரில் போலந்திலும் ஸ்வீடனிலும் வேல்ஸிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. இதற்கு வழிநடத்துநர்கள்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாடு வேறு, சூழல் வேறு, ஸ்வீடனில் திட்டத்தின் வடிவமும் மாற்றப்பட்டிருந்தது. ஒரு திட்டத்தின் பெயர் மட்டும் பலனைக் கையோடு தூக்கிக்கொண்டு வராது என்பது வரை நிச்சயம்.

வழிநடத்துகிறவரின் பங்கை இன்னும் நேராகக் காட்டிய ஆய்வு வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. சட்டச் சிக்கலில் மாட்டிய இளையோருக்கான 'ஃபங்ஷனல் ஃபேமிலி தெரப்பி' என்ற குடும்பச் சிகிச்சையைத் தாமஸ் செக்ஸ்டனும் சார்லஸ் டர்னரும் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். மொத்தமாகப் பார்த்தால் வழக்கமான நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சிகிச்சையாளர்களை, முறையை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள், பின்பற்றாதவர்கள் என்று பிரித்ததும் படம் மாறியது. ஒழுங்காகச் செய்தவர்களிடம் வந்த இளையோர் மறுபடி குற்றத்தில் சிக்குவது கணிசமாகக் குறைந்தது. ஒழுங்காகச் செய்யாதவர்களிடம் வந்தவர்களின் நிலை, இந்தச் சிகிச்சையே பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. இது சிகிச்சை, நாம் செய்வது தடுப்பு, இரண்டும் ஒன்றில்லை. என்றாலும் அந்தக் கடைசிச் செய்தியைப் புதியவர்கள் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அரைகுறையாகச் செய்தால் 'ஒன்றும் ஆகாது' என்று நினைக்கிறோம். சில சமயம் தீங்கும் ஆகும்.

தடுப்புத் திட்டங்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், ஜோசஃப் டர்லக்கும் எமிலி டுப்ரேயும் 2008இல் ஏறக்குறைய 500 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கவனமாக நடத்தப்பட்ட திட்டங்களின் பலன், அப்படி நடத்தப்படாதவற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தது. புதியவருக்கு ஆறுதலான செய்தியும் அதில் உண்டு: நூற்றுக்கு நூறு யாரும் செய்யவில்லை, 60 சதவீதம் அளவுக்கு ஒழுங்காக நடந்த திட்டங்களே பல நேரம் நல்ல பலன் தந்திருக்கின்றன.

மூன்றாம் படி: அமர்வுக்கு முன் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள்

மனதுக்குள் படிப்பது தயாரிப்பு ஆகாது. முந்தைய நாள் உங்கள் இணை வழிநடத்துநரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பயிற்சியின் அறிமுகத்தையும் உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். கையேட்டு மொழி வாயில் ஒட்டாத இடங்கள் அப்போதுதான் தெரியும். அந்த வாக்கியங்களை உங்கள் பேச்சு மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பொருளை மாற்றாமல். யார் எந்தப் பகுதியை நடத்துவது, ஒருவர் பேசும்போது மற்றவர் எங்கே உட்காருவது, நேரத்தை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.

முதல் அமர்வுக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தோடும் ஒரு முறையாவது போனிலோ நேரிலோ பேசிவிடுங்கள். 'என்ன பிரச்சினை' என்று கேட்க வேண்டாம். 'உங்க பொண்ணு எதுல கெட்டிக்காரி? அடுத்த ரெண்டு வருஷத்துல அவளுக்கு என்ன நடக்கணும்னு ஆசைப்படுறீங்க?' என்று கேளுங்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்போவதில்லை என்று அவர்களுக்குப் புரியும். முதல் அமர்வில் வாசலில் நுழையும்போதே பெயர் சொல்லி அழைக்க ஒருவர் நிற்கிறார் என்பது, கூச்சத்தோடு வரும் பெற்றோருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்கள் முகத்தில் பார்ப்பீர்கள்.

நான்காம் படி: எதிர்ப்பு வரும்போது

இதற்குத்தான் நிறைய இடம் கொடுக்கப் போகிறேன். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

கைகளைக் கட்டியிருந்த அந்த அப்பாவிடம் திரும்பிப் போவோம். புதியவருக்குச் சட்டென்று வரும் பதில்கள் இரண்டு. ஒன்று, விளக்கம்: 'அப்படி இல்லைங்க, அடிச்சா பிள்ளைங்க மனசு பாதிக்கும்னு ஆராய்ச்சி சொல்லுது...' இன்னொன்று, மழுப்பல்: 'சரி, அதைப் பத்தி அப்புறம் பேசுவோம்' என்று காணொளியைப் போட்டுவிடுவது. முதலாவது அவரை வாதத்துக்கு இழுக்கும், இரண்டாவது அவரை வெளியே தள்ளும்.

ஜெரால்ட் பேட்டர்சனும் மரியன் ஃபோர்கேட்சும் 1985இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்த இடத்தில் விலைமதிப்பில்லாதது. பெற்றோரோடு நடந்த சிகிச்சை அமர்வுகளை நொடி நொடியாகப் பகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையாளர் 'கற்றுக்கொடுத்த' அல்லது 'எதிர்த்துப் பேசிய' உடனே பெற்றோரின் எதிர்ப்பு கூடியது. ஆதரவாகப் பேசியபோது, தொடர்ந்து பேச இடம் கொடுத்தபோது, எதிர்ப்பு குறைந்தது. இது தற்செயலா என்று பார்க்க, சிகிச்சையாளர்கள் வேண்டுமென்றே கற்றுக்கொடுப்பதையும் எதிர்ப்பதையும் கூட்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள், மறுபடி கூட்டினார்கள். பெற்றோரின் எதிர்ப்பும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. கற்றுக்கொடுக்கத்தான் நாம் அங்கே போகிறோம், கற்றுக்கொடுத்தாலோ எதிர்ப்பு வருகிறது. இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்திருப்பதைத்தான் இந்த வேலையில் திறமை என்கிறோம்.

செய்ய வேண்டியதை மூன்று சின்ன அசைவுகளாகப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில், அவர் சொன்னதன் அடியில் இருக்கும் அக்கறையை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள். "பையன் தப்பான வழியில போயிடக் கூடாதுன்னு உங்களுக்கு ரொம்ப அக்கறை இருக்கு." அவ்வளவுதான். அடிப்பதை நீங்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை. சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் அவரே மேலும் பேசுவார்.

பிறகு அவருடைய சொந்த அனுபவத்தைக் கேளுங்கள். "இப்போ அவனுக்குப் பதிமூணு வயசு. எந்த விஷயத்துல உங்க பேச்சைக் கேட்கிறான், எதுல கேட்க மாட்டேங்கிறான்?" நேர்மையாகப் பதில் சொல்லத் தொடங்கும்போது, பழைய வழி எங்கே வேலை செய்யவில்லை என்பதை அவரே சொல்வார். நீங்கள் சொன்னால் அது வாதம், அவர் சொன்னால் அது அவருடைய சிந்தனை.

மூன்றாவதாக, கேள்வியை அறைக்குத் திறந்துவிடுங்கள். "மத்தவங்க வீட்டுல எப்படி? பத்து வயசுல பலிச்சது பதிமூணுல பலிக்குதா?" யாராவது ஒரு அம்மா, "எங்க வீட்டுல அடிச்சதுக்கப்புறம் பொய் சொல்றதுதான் அதிகமாச்சு" என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியம் உங்கள் பத்து நிமிட விளக்கத்தைவிட எடை கூடியது. அப்போது காணொளியைப் போடுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் போயிருக்கும். அந்த நான்கு நிமிடத்தைப் பின்னால் வரும் ஒரு கலந்துரையாடலில் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா எதிர்ப்பும் பேச்சாக வராது. தாமதமாக வருவது, போனையே பார்த்துக்கொண்டிருப்பது, எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க, சரிங்க' என்று தலையாட்டிவிட்டு வீட்டில் எதையும் செய்யாமல் வருவது, இவையும் எதிர்ப்புதான். என்னைக் கேட்டால் இந்த 'சரிங்க'தான் கடினமானது. வாதம் செய்கிறவர் குறைந்தபட்சம் அறைக்குள் இருக்கிறார்.

ஐந்தாம் படி: சொல்வதைக் குறையுங்கள், செய்ய வையுங்கள்

'கோபம் வரும்போது குற்றம் சாட்டாமல், உங்கள் மனநிலையைச் சொல்லுங்கள்' என்று சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும். கேட்கிற எல்லாரும் 'இது தெரிஞ்சதுதானே' என்பார்கள். அதை வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "நீ எப்பவும் லேட்டாதான் வருவே, உனக்குப் பொறுப்பே இல்லை" என்பதை மாற்றி, "ஒன்பது மணி வரைக்கும் நீ வராததால எனக்குப் பயமா இருந்துச்சு. லேட்டாகும்னா ஒரு போன் பண்ணணும்" என்று சொல்ல வையுங்கள். முதல் முறை நாக்கு குழறும். இரண்டாம் முறை கேலியாக வரும். மூன்றாம் முறை குரல் மாறுவதைக் கேட்பீர்கள்.

நடித்துப் பார்க்கும் பயிற்சிகளைத்தான் புதியவர்கள் முதலில் கைவிடுகிறார்கள். 'யாரும் முன்வர மாட்டேங்கிறாங்க, கூச்சப்படுறாங்க, அதனால பேசி முடிச்சுட்டோம்' என்பார்கள். கூச்சம் பெரும்பாலும் நடத்துகிறவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'யாராவது நடிச்சுக் காட்டுறீங்களா?' என்று கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். முதலில் நீங்களும் உங்கள் இணையும் தவறான முறையை நடித்துக் காட்டுங்கள், கொஞ்சம் மிகையாகவே. சிரிப்பு வரும். 'இதுல எது சரியில்லை?' என்று கேளுங்கள், எல்லாரும் சொல்வார்கள். 'அப்படின்னா அவர் என்ன சொல்லியிருக்கலாம்?' என்று கேளுங்கள். யாராவது ஒரு வாக்கியம் சொன்னதும், 'அதை அப்படியே இவரைப் பார்த்துச் சொல்லுங்க' என்று இணைப் பக்கம் கையைக் காட்டுங்கள். அவர் இருந்த இடத்திலிருந்தே நடித்துவிடுவார், தான் நடிப்பது தெரியாமலே. அடுத்து இரண்டிரண்டு பேராக எல்லாரையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். அறையே சத்தமாக இருக்கும்போது யாருக்கும் மேடைக் கூச்சம் இருக்காது.

முயன்றவரிடம் பேசும்போது முதலில் சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள். 'சூப்பர்' என்பது பாராட்டாகச் சேராது. 'குரலை உயர்த்தாம, என்ன நேரத்துக்கு வரணும்னு தெளிவாச் சொன்னீங்க' என்பதுதான் அவருக்கு உதவும். திருத்தம் ஒன்றே ஒன்று போதும். நான்கு திருத்தம் சொன்னால் ஐந்தாவது முறை அவர் எழுந்து வர மாட்டார்.

ஆறாம் படி: பிள்ளைகளின் அறையில் சிரிப்பைக் கவனியுங்கள்

பிள்ளைகளோடு கலகலப்பாகப் பழகத் தெரிந்தவரைத்தான் வழக்கமாக இந்த அறைக்கு அனுப்புவார்கள். அது வேண்டும், ஆனால் போதாது.

தாமஸ் டிஷனும் அவருடன் பணியாற்றியவர்களும் 13, 14 வயதுப் பையன்கள் தங்கள் நண்பர்களோடு பேசுவதைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். விதியை மீறியதைப் பற்றி ஒருவன் சொல்லும்போது மற்றவன் சிரித்தால், அந்தப் பேச்சு வளர்ந்தது. அப்படிப் பேசிச் சிரித்த நண்பர்களிடம் பின்னாட்களில் போதைப் பழக்கமும் குற்றச் செயல்களும் கூடுதலாக இருந்தன. இன்னும் உறுத்தலான செய்தி ஒன்று உண்டு. பிரச்சினை வாய்ப்பு அதிகமுள்ள இளையோரை ஒன்றுசேர்த்து டிஷன் குழுவினர் திட்டமிட்டு நடத்திய குழுக்களில் கலந்துகொண்டவர்களிடம் புகைப்பழக்கம் கூடியது. டிஷன், ஜோன் மெக்கார்ட், ஃபிரான்சுவா பூலன் மூவரும் 1999இல் இதையெல்லாம் சேர்த்து, நல்ல எண்ணத்தோடு நடத்தப்படும் இளையோர் குழுக்கள் தீங்கு செய்யவும் கூடும் என்று எச்சரித்தார்கள்.

ஆகவே ஒரு பையன், "போன வாரம் டியூஷன் கட் அடிச்சுட்டு..." என்று தொடங்கி, நான்கு பேர் சிரிக்கும்போது, நீங்களும் சேர்ந்து சிரித்தால் அது பாராட்டாகப் போய்ச் சேரும். முகத்தைச் சுளித்துப் பாடம் எடுத்தாலும் அவனுக்கு மேடை கிடைத்துவிடும். சத்தமில்லாமல் திசையை மாற்றுங்கள். 'சரி, இந்தச் சீட்டுல இருக்கிற சூழ்நிலைக்கு வருவோம். ரவுண்டா ஒவ்வொருத்தரும் ஒரு வழி சொல்லுங்க' என்று வேலையை நகர்த்துங்கள். அதே பையன் பிறகு உருப்படியாக ஒன்று சொன்னதும் உடனே கவனம் கொடுங்கள். இரண்டு வழிநடத்துநர்கள் எதற்கு என்பது இப்போது புரியும். ஒருவர் பயிற்சியை நடத்தும்போது இன்னொருவர், ஓரப் பேச்சு நடக்கும் பக்கத்தில் போய்ச் சாதாரணமாக உட்கார வேண்டும். எந்தப் பயிற்சியும் இல்லாத, வெறும் பேச்சாக இருக்கும் காலி நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. இடைவேளையையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேசாமலே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். எழுதவும் வரையவும் வாய்ப்புக் கொடுங்கள், பெயர் போடாத சீட்டில் கேள்வி எழுதச் சொல்லுங்கள். நான்காம் வாரத்தில் திடீரென்று பேசுகிற பிள்ளைகள் உண்டு.

ஏழாம் படி: குடும்ப மணி நேரத்தில் நடுவராக மாறாதீர்கள்

ஒன்றாக உட்கார்ந்த குடும்பங்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருங்கள், ஒரே குடும்பத்தில் தங்கிவிடாதீர்கள். தாயும் மகளும் உரசிக்கொள்ளத் தொடங்கினால் இருவரும் உங்களை நடுவராக்கப் பார்ப்பார்கள். "நீங்களே சொல்லுங்க, இவ பண்றது நியாயமா?" நியாயம் சொன்ன கணமே ஒருவரை இழப்பீர்கள். 'இந்தக் கேள்வியை அவகிட்ட நேராக் கேட்டுப் பாருங்க, இன்னைக்குப் பழகினோமே, அந்த மாதிரி' என்று பேச்சை அவர்களிடமே திருப்பிவிட்டு, பக்கத்தில் குனிந்து நின்று முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் உதவுங்கள். முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தால் அன்றைக்கு அது போதும். பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டியதில்லை.

எட்டாம் படி: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

உதாரணக் கதையில் வரும் பெயர்கள், விளையாட்டின் பொருட்கள், சொற்கள், இவற்றை உங்கள் குழுவுக்குப் பொருந்த மாற்றலாம். அமர்வுகளின் வரிசை, எண்ணிக்கை, நடித்துப் பார்க்கும் பயிற்சிகள், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து இருக்கும் நேரம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத் திட்டத்தின் பயிற்சியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க ஆசை வரும், தெரிந்த பேச்சாளரை அழைத்து வருவது, போதைப்பொருளின் கொடுமையைக் காட்டும் படத்தைப் போடுவது என்று. சேர்க்கிற ஒவ்வொன்றும் பயிற்சிக்கான நேரத்தைத்தான் தின்னும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். அமர்வில் ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையையோ, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையோ வெளிப்படுத்தலாம். ரகசியம் காப்போம் என்று முதல் நாள் சொல்லும்போதே, உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்வோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். யாரிடம், எந்த எண்ணில், எவ்வளவு நேரத்துக்குள் என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஒன்பதாம் படி: இன்னொருவர் உங்களைப் பார்க்கட்டும்

அமர்வு முடிந்ததும் சரிபார்ப்புத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. நம்மை நாமே மதிப்பிடும்போது, வெளியிலிருந்து பார்ப்பவர் தருவதைவிடக் கூடுதல் மதிப்பெண் போட்டுக்கொள்வது எல்லாருக்கும் இயல்பு. அதோடு அந்தத் தாள் 'செய்தோமா' என்று கேட்கிறது, 'எப்படிச் செய்தோம்' என்று கேட்பதில்லை. ஆண்ட்ரூ டேனும் பாரி ஷ்னைடரும் 1998இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள். கையேட்டைப் பின்பற்றியது ஒன்று, எவ்வளவு நேரம் கொடுத்தோம் என்பது ஒன்று, நடத்திய தரம் வேறு, பங்கேற்றவர்களின் ஈடுபாடு வேறு, இந்தத் திட்டம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நின்றதா என்பது இன்னொன்று.

தரத்தை அளக்கக் கருவிகள் உண்டு. ஃபோர்கேட்சும் பேட்டர்சனும் டேவிட் டிகார்மோவும் 2005இல் வெளியிட்ட முறையில், அமர்வின் காணொளியைப் பார்த்து ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் தருகிறார்கள்: பொருளறிவு, அமர்வின் கட்டமைப்பு, கற்பிக்கும் விதம், உறவைக் கையாளும் நயம், ஒட்டுமொத்த முன்னேற்றம். மறுமணக் குடும்பங்களோடு நடந்த அந்த ஆய்வில், மதிப்பெண் அதிகம் பெற்றவர்களிடம் வந்த பெற்றோரின் வளர்ப்பு முறை கூடுதலாக மேம்பட்டது. டிஷனின் 'ஃபேமிலி செக்-அப்' திட்டத்திலும் இப்படி ஒரு மதிப்பீடு உண்டு. அதில் 'நம்பிக்கையும் ஊக்கமும் ஊட்டுகிறாரா' என்பது தனியாகவே அளக்கப்படுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பயிலரங்கு மட்டும் போதுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். மாறும் விருப்பத்தை எதிரே இருப்பவர் வாயிலிருந்தே வரவைக்கும் 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்ற பேச்சு முறையை உருவாக்கிய வில்லியம் மில்லரும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், போதை மீட்புத் துறையைச் சேர்ந்த 140 பேரைப் பல பிரிவுகளாகப் பிரித்தார்கள். பயிலரங்கோடு நின்றவர்களின் திறமை சில மாதங்களில் தேய்ந்தது. அதன் பிறகும் தங்கள் ஒலிப்பதிவுகளுக்குக் கருத்தும் வழிகாட்டலும் பெற்றவர்களிடம் அது நிலைத்தது. மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவுடன் 'தயார்' என்று உங்களை அனுப்பி வைக்கிறார்கள் என்றால், தொடர் வழிகாட்டல் எங்கே என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, குடும்பங்களுக்கு நீங்கள் பட்ட கடனும் கூட.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். குடும்பங்களிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று, கேமராவை உங்கள் பக்கம் மட்டும் திருப்பி வைத்து ஒரு அமர்வைப் பதிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்தையும் பார்க்க வேண்டாம். யாராவது எதிர்த்துப் பேசிய இடத்திலிருந்து ஒரு பத்து நிமிடம், நடித்துப் பார்க்கும் பயிற்சியிலிருந்து ஒரு பத்து நிமிடம் போதும். முதல் முறை சத்தத்தை நிறுத்திவிட்டு உங்கள் உடலை மட்டும் பாருங்கள்: யார் பக்கம் திரும்பியே இருக்கிறீர்கள், யாரைப் பார்க்கவே இல்லை? இரண்டாம் முறை ஒரு தாளை எடுத்து, நீங்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். கேள்வி ஒரு வரிசை, விளக்கம் ஒரு வரிசை, அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னது ஒரு வரிசை. விளக்க வரிசை நீண்டுகொண்டே போவதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், தொடக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பிறகு அதே பகுதியை மேற்பார்வையாளரோடு பாருங்கள். 'நான் எப்படிச் செய்தேன்' என்று பொதுவாகக் கேட்காமல், 'இந்த இடத்துல அந்த அம்மா பின்னால சாய்ஞ்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி நான் என்ன சொன்னேன், வேற என்ன சொல்லியிருக்கலாம்?' என்று கேளுங்கள். கிடைத்த பதிலை அங்கேயே இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரத்துக்கு மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் எடுத்து, கையேட்டின் அந்த வார முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

வராதவர்களைப் பற்றி

ஏதாவது ஒரு வாரம் இரண்டு குடும்பங்கள் வராது. அன்றைக்கே, அல்லது மறுநாள் காலையிலாவது, அமர்வை நடத்தியவரே கூப்பிட வேண்டும், அலுவலகத்திலிருந்து ஒருவர் இல்லை. 'ஏன் வரலை' என்று தொடங்காதீர்கள். 'உங்களைத் தேடினோம். பையன் சேர்ந்திருந்த டீம்ல ஒரு ஆள் குறைஞ்சுது' என்று தொடங்குங்கள். விட்டுப்போனதைப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க, அடுத்த அமர்வுக்கு முன்னதாகவே வரச் சொல்லுங்கள். கைகளைக் கட்டியிருந்த அந்த அப்பா வராமல் போனால், அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.